சுகரணம் கற்ற தமிழ்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், அடி அண்ணாமலையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருவண்ணாமலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் வழியில் ஏறத்தாழப் பாதி நடை முடிந்த நிலையில் எதிர்ப்படுவது இந்த அடி அண்ணாமலை. முழுநிலவு இரவுகளில் நடந்து வருவோரின் உடற்களைப்பு தலைகாட்டத் தொடங்கும் இடமும் இதுவே. வழியோரத் திண்ணையில் மூதாட்டி ஒருவர் அமர்ந்து, "கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு" என்பார். உடன் வந்த பேத்தி அவருடைய கால் கட்டைவிரலைப் பற்றி, முழங்காலை நோக்கி மெல்ல வளைத்து இழுப்பாள். சற்று நேரத்தில் பிடிப்பு விடும். இருவரும் எழுந்து மலையை வலப்புறம் வைத்து மேலே நடப்பர். இது மாதந்தோறும் நிகழும் காட்சி. பிடித்தது எது, அது விட்டது ஏன் என்று கேட்டு விடை காணும் கல்விக்கே உடலியங்கியல் என்று பெயர்.

கெண்டைக்கால் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். ஆடுதசை திரண்டு நடுவே பருத்து இருபுறமும் ஒடுங்கியிருப்பதைக் கண்ட தமிழன், ஆற்றுக் கெண்டையை நினைந்து அதற்குப் பெயரிட்டான். உரோமானியனோ தோலுக்கடியில் தசை ஓடி மறைவதைக் கண்டு 'சுண்டெலி' என்றான். ஆங்கிலத்தில் தசையைக் குறிக்கும் 'மசில்' என்னும் சொல் அந்த இலத்தீன் சுண்டெலியின் வழிவந்ததே. கிரேக்கன் இதே ஆடுதசையைக் 'காலின் வயிறு' என்றான். மருத்துவ நூல்களில் இன்றும் வழங்கும் 'காஸ்ட்ரோநீமியஸ்' என்பதன் பொருள் அதுதான். ஆகவே கலைச்சொல் என்பது வானத்திலிருந்து விழுந்ததன்று. எங்கோ ஒருவன் கண்ட உவமை. மருத்துவக் கல்லூரிக்குள் நுழையும் தமிழ் மாணவி கிரேக்கனின் உவமையை மனப்பாடம் செய்கிறாள். பாட்டியின் உவமையை வாயிலில் விட்டுச் செல்கிறாள். இவ்வுரையின் கவலை அந்த வாயிலைப் பற்றியது.

திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 2020ஆம் ஆண்டில் அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளிக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. இதன் பயனாக, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியே படித்த உழவர் வீட்டுப் பிள்ளைகளும் கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் வெள்ளை மேலங்கி அணிந்து முதலாண்டு வகுப்பில் அமர்கின்றனர். முதலாண்டில் அவர்கள் எதிர்கொள்வன மூன்று: உடற்கூற்றியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். செவிலியம், இயன்முறை மருத்துவம், ஆய்வக நுட்பம் முதலான பட்டப்படிப்புகளுக்குச் செல்வோரும் இப்பாடங்களைச் சற்றுச் சுருங்கிய அளவில் படித்தேயாக வேண்டும்.

இம்மூன்றனுள் உடற்கூற்றியல் கண்ணால் கற்பது. எலும்பைக் கையிலேந்திப் பெயரைச் சொல்லிப் பார்க்கலாம். மொழி தடுமாறினும் பொருள் முன்னே கிடக்கும். உடலியங்கியல் அவ்வாறன்று. அது முழுவதும் 'ஏன்', 'எதனால்', 'அதன் பின் என்ன' என்னும் தொடர்களால் ஆனது. இரத்த அழுத்தம் தாழ்ந்தால் கழுத்துத் தமனியிலுள்ள உணர்வுறுப்பு என்ன செய்யும், அதனால் இதயத் துடிப்பு எவ்வாறு மாறும், குழாய்கள் ஏன் சுருங்கும், சிறுநீரகம் ஏன் நீரைப் பிடித்துவைக்கும் என்று காரணமும் காரியமும் சங்கிலியாகப் போகும். ஒரு கண்ணி அறுந்தாலும் பாடம் அறுந்துபோகும். ஒரு மொழியில் பெயர்ச்சொற்களை மட்டும் அறிந்திருப்பவர் உடற்கூற்றியலில் ஒருவாறு கரையேறலாம். உடலியங்கியலுக்கு வினைச்சொற்களும் இடைச்சொற்களும் வேண்டும். தமிழ்வழிப் பிள்ளைகள் இப்பாடத்தில் இடறுவது அறிவுக் குறையால் அன்று என்பதற்கு இது போதிய விளக்கம்.

செய்முறை வகுப்பில் நிலைமை வேறு. முன்னாளில் தவளையின் ஆடுதசையையும் அதனோடிணைந்த நரம்பையும் எடுத்து, புகையேற்றிய உருளைத் தாளில் அதன் துடிப்பைக் கோடாகப் பதிவுசெய்வர். இன்று அவ்விடத்தில் கணினித் திரை வந்துவிட்டது, தவளைகள் பிழைத்தன. ஆனால் இன்றும் மாணவி தன் விரலைத் தானே குத்தி, தன் குருதியைத் தானே எடுத்து, கண்ணாடிக் கட்டங்களில் இட்டு, நுண்ணோக்கியின் கீழ்ச் சிவப்பணுக்களை எண்ணுகிறாள். ஈமோகுளோபின் அளவைக் காண்கிறாள். பெண்களுக்கு 100 மில்லிலிட்டர் குருதியில் 12 கிராமுக்குக் குறையின் அது சோகை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறை. தன் உடலையே பாடநூலாக விரித்துப் படிக்கும் கல்வி இது. தான் சோகையுற்றவள் என்பதைச் செய்முறை வகுப்பில்தான் ஒருத்தி முதன்முதலாக அறிய நேர்வதும் உண்டு.

அவள் வீட்டில் இதற்கொரு மருந்து முன்பே இருந்தது. 'இரத்தம் பத்தாத' பெண்ணுக்குக் கறிக்கடையில் 'சுவரொட்டி' கேட்டு வாங்கிச் சமைத்துத் தருவர். சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் உலவி முதுமையடைந்தபின் மண்ணீரலில் சிதைக்கப்படுகிறது என்பதும், அதிலுள்ள இரும்பு மீட்கப்பட்டு மீண்டும் புதிய அணுக்களுக்குப் பயன்படுகிறது என்பதும் உடலியங்கியல் கற்பிக்கும் செய்தி. ஆதலின் சுவரொட்டியில் இரும்பு மிகுந்திருப்பதில் வியப்பில்லை. 'ஸ்ப்ளீன்' என்று படித்ததும், 'மண்ணீரல்' என்று அகராதியில் கண்டதும், 'சுவரொட்டி' என்று தின்றதும் ஒரே உறுப்பு என்பதை அவளுக்குச் சொல்லும் ஆசிரியர் அமைந்தால், அவளுக்கு அப்பாடம் ஒருபோதும் மறவாது.

சொற்குழப்பத்திற்கும் குறைவில்லை. 'நரம்பு' என்ற ஒரு சொல் போதும். மருத்துவமனையில் ஊசி போடும் செவிலியர், "நரம்பு கிடைக்கலையே" என்று நோயாளியின் கையைத் தட்டிப் பார்க்கிறார். அவர் தேடுவது குருதிக் குழாயை. பாடநூல் அதற்குச் 'சிரை' என்று பெயர் தந்திருக்கிறது. பாடநூலின் 'நரம்பு' மின்துடிப்பைக் கடத்தும் இழை. செவிலியர் பிழைபட்டாரா? புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் மறக்குடி மூதாட்டியின் மெலிந்த தோளில் புடைத்துத் தெரிவதும் நரம்புதான். யாழின் தந்தியும் நரம்பே. இழைபோல் நீண்டு புடைத்திருப்பதெல்லாம் நரம்பு என்பது தொன்றுதொட்ட வழக்கு. அறிவியல் அச்சொல்லைப் பிடித்து ஒரு பொருளுக்கு மட்டும் உரிமையாக்கியது. மக்கள் அதற்கு இணங்கவில்லை. இதற்கிடையில் பாக்கு நீரிணைக்கு அப்பால் ஈழத்துப் பாடநூல்கள் தமனியை 'நாடி' என்றும் சிரையை 'நாளம்' என்றும் வழங்குகின்றன. தமிழகத்து மாணவிக்கு நாடி என்றால் மணிக்கட்டில் பிடித்துப் பார்க்கும் துடிப்பு. பாடத்தின் பெயரே அங்கு 'உடற்றொழிலியல்'. இங்கு 'உடலியங்கியல்', சிலர்க்கு 'உடலியல்'.

இவ்வெல்லாப் பெயர்களுக்கும் முன்னதாக ஒரு பெயர் இருந்தது: சுகரணம். அதை வழங்கியவர் அமெரிக்கர். மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் 1822இல் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், நியூயார்க்கில் மருத்துவம் பயின்று, 1847இல் அமெரிக்க மிசன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். (இவருடைய தமையனார் ஆண்ட்ரூ கிறீன் நியூயார்க் மாநகரத்தை இன்றைய வடிவில் உருவாக்கியோருள் முதன்மையானவர். தமையனுக்கு ஒரு மாநகரம். தம்பிக்கு மானிப்பாய் என்னும் சிற்றூர்.) மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, உள்ளூர் இளைஞர்க்கு மேனாட்டு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். இடையில் தாயகம் சென்று 1862இல் மீண்டு வந்தபின், 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார்.

இம்மாற்றத்திற்குத் தமிழ்ப்பற்று ஒன்றே காரணம் என்று மேடைகளில் கூறுவர். கிறீன் கணக்கறிந்த மனிதர். ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவர் அரசுப் பணியை நாடி ஊரைவிட்டுப் போயினர். தமிழில் கற்றவரோ தம் சிற்றூரிலேயே தங்கித் தம் மக்களுக்கு மருத்துவம் பார்ப்பர் என்று அவர் எண்ணினார். அதாவது, பயிற்றுமொழி மாணவனின் எதிர்காலத்தையும் நோயாளியின் எதிர்காலத்தையும் சேர்த்து முடிவுசெய்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார். மாணவர்க்கு இதில் மனக்குறை இருந்ததிலும் வியப்பில்லை. அரசுப் பணியும் ஊதியமும் ஆங்கிலத்தின் பக்கம் இருந்தன. அவரிடம் பயின்று வெளியேறியோர் 60க்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் தமிழ்வழியில் பயின்றவர்.

தமிழில் கற்பிக்க நூல் வேண்டும். 1852இலேயே கால்வின் கட்டரின் நூலை 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்ற பெயரில் வெளியிட்டிருந்தார். உடற்கூறு, உடலியக்கம், உடல்நலம் பேணல் ஆகிய மூன்றும் அப்பெயரில் அடக்கம். பின்னர்க் கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆயிற்று. வேதியியல் நூல் 'கெமிஸ்தம்' ஆயிற்று. பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் என்னும் நூல்களும் வந்தன. ஜான் தால்தனின் உடலியங்கியல் நூல் 'மனுஷ சுகரணம்' என்று தமிழாயிற்று. தால்தன், கிறீன் பயின்ற அதே நியூயார்க் கல்லூரியில் பின்னாளில் உடலியங்கியல் பேராசிரியராயிருந்தவர். ஆய்வு செய்து காட்டிக் கற்பிக்கும் முறையை அமெரிக்காவில் வேரூன்றச் செய்தவர்களுள் முதல்வர். அந்நாளைய புத்தறிவு தமிழுக்கு வர நூற்றாண்டுகள் காத்திருக்கவில்லை. ஒரு தலைமுறைக்குள் வந்து சேர்ந்தது. கிறீனுடைய மாணாக்கரும் இம்மொழிபெயர்ப்புகளில் தோள்கொடுத்தனர். 1873இல் நாடு திரும்பிய பின்னும் அவர் வூஸ்டரிலிருந்தபடியே தமிழாக்கப் பணியைத் தொடர்ந்தார். 1884இல் மறைந்தார். அவர் கல்லறையில் 'தமிழர்க்கு மருத்துவ ஊழியர்' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் பொறித்திருக்கின்றனர்.

அவருடைய சொற்களைக் கவிஞர்கள் ஒருமுறை நாவிலிட்டுப் பார்க்க வேண்டும். 'அங்காதிபாதம்' என்னும்போது பாதாதிகேசம், கேசாதிபாதம் என்னும் சிற்றிலக்கிய வகைகள் செவியில் எதிரொலிக்கின்றன. தலைவனையோ தெய்வத்தையோ உறுப்புறுப்பாகப் பாடிய மொழி, அதே வாய்பாட்டில் உடற்கூற்று நூலுக்கும் பெயர் தந்தது. 'சுகரணம்' என்பதை 'சு' என்றும் 'கரணம்' என்றும் பிரித்துக் கொண்டால், செவ்விய செயற்பாடு என்று பொருள் விரியும். உறுப்பு நன்றாக இயங்கும் நிலை. வடமொழி மிகுதியென்று தனித்தமிழ் அன்பர் முகஞ்சுளிக்கலாம். அதில் நியாயமும் உண்டு. 'கெமிஸ்தம்' என்பதோ ஆங்கிலத்திற்கு வேட்டி கட்டிய சொல். ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. அச்சொற்கள் வகுப்பில் பேசப்பட்டன. அவற்றைப் பேசியவர் பிணியாளரைத் தொட்டனர். அதன்பின் தமிழகத்தில் 1916இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பரும் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் கண்டதிலிருந்து இன்றுவரை தோன்றிய கலைச்சொல் முயற்சிகள் பல. சொற்கள் ஆயிரக்கணக்கில் பிறந்தன. பிறந்த சொற்களுள் வகுப்பறையைக் கண்டவை எத்தனை? புழங்காத சொல் காட்சிப் பெட்டியிலுள்ள பாத்திரம் போன்றது. துருப்பிடிக்காது, சோறும் வேகாது.

கிறீனுக்குப்பின் அம்முயற்சி நீடிக்கவில்லை. மானிப்பாயில் அவர் பெயரால் மருத்துவமனை நின்றது. தமிழ்வழி மருத்துவக் கல்வி நிற்கவில்லை. வேலைவாய்ப்பின் மொழியும் கல்வியின் மொழியும் வேறுவேறாக இருந்தபோது, கல்வி வேலைவாய்ப்பின் பக்கம் சாய்ந்தது. அதற்கு மாணவரைக் குறைகூறுவது எளிது; அவர்தம் வீட்டு அடுப்பைப் பார்த்தவர் குறைகூறார்.

அவருடைய வரலாற்றைத் தமிழர்க்கு நினைவூட்டியவர் ஒரு கவிஞர் என்பது இவ்வட்டம் மகிழத்தக்கது. ஈழத்துக் கவிஞர் அம்பி 1967இல் 'கிறீனின் அடிச்சுவடு' என்னும் நூலை எழுதினார். குழந்தைகளுக்குப் பாட்டெழுதிய கை அது. ஒரு மருத்துவ ஆசிரியரின் சொல்வளத்தைத் தேடிச் செல்ல ஒரு கவிஞருக்குத் தோன்றியது.

கவிஞர்க்கும் உடலுக்கும் உள்ள உறவு தமிழில் புதிதன்று. மாணிக்கவாசகர் திருவெம்பாவை அருளியது இத்திருத்தலத்தில் என்பது மரபு. அடி அண்ணாமலையில் அவருக்குக் கோயிலும் உண்டு. அதே மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில், கருவிலிருக்கும் உயிர் திங்கள்தோறும் கடக்கும் இடர்களை வரிசையாக எண்ணிச் செல்கிறார். திருமூலர் கருவுற்பத்திக்கெனத் தனிப்பகுதியே வைத்தார். அருணகிரியாரோ பிணிகளின் பெயர்களைச் சந்தத்தில் அடுக்கினார். இவற்றை வைத்து, எல்லாம் முன்பே தமிழில் இருந்தது என்று முழங்கும் பேச்சாளர் ஆண்டுதோறும் பெருகுகின்றனர். மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் மிகுதலும் குறைதலும் நோய் என்றாராம். ஆகவே 20ஆம் நூற்றாண்டில் வால்ட்டர் கானன் வகுத்த உடற்சமநிலைக் கொள்கை குறளிலேயே அடக்கமாம். இது வள்ளுவருக்கும் பெருமையன்று. ஆய்வுக்கூடத்தில் வாணாளைக் கழித்த கானனுக்கும் நீதியன்று. 1628இல் வில்லியம் ஆர்வி கையைக் கட்டி, சிரையிலுள்ள தடுக்கிதழ்கள் குருதியை ஒரு திசையில் மட்டுமே விடுவதைக் காட்டி, குருதி சுற்றி வருகிறது என்று நிறுவினார். பாடல் கண்டது வேறு. ஆய்வு நிறுவியது வேறு. சமயப் பாடல்கள் உடலைப் பெரும்பாலும் கடக்கவே பார்த்தன. திருமூலர் போன்றோர் விலக்கு. உடலியங்கியல் உடலோடு தங்கியிருந்து பார்ப்பது. நிமிடத்திற்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் குருதியை இதயம் வெளியேற்றுவதையும், நாளொன்றுக்கு 180 லிட்டர் நீரைச் சிறுநீரகங்கள் வடிகட்டி அதில் ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விட்டு மற்றதைத் திரும்ப எடுத்துக்கொள்வதையும் இக்காலக் கவிஞர் பாட விரும்பினால் யாரும் தடுப்பதற்கில்லை.

இனி, இன்றைய நிலை. 2022 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் முதலாண்டு மருத்துவப் பாடநூல்கள் இந்தியில் வெளியிடப்பட்டன. தமிழ்நாடு பாடநூல் கழகமும் மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் பணியை அண்மை ஆண்டுகளில் மேற்கொண்டது. வரவேற்கத்தக்க பணியே. ஆயினும் முழுக்க முழுக்கத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்துவிட வேண்டும் என்பது இவ்வுரையின் கோரிக்கையன்று. உலகெங்கும் நாள்தோறும் வெளிவரும் ஆய்வுகளை ஆங்கிலத்தில் படிக்க இயலாத மருத்துவரை எந்த நோயாளியும் விரும்பார். வேண்டுவது, காரணகாரியத் தொடரைத் தாய்மொழியில் ஒருமுறை விளங்கிக்கொள்ளும் வாய்ப்பு. விளங்கியதை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம். அதற்கு அப்பால், மற்றொரு தேவை நோயாளியின் பக்கமிருந்து வருகிறது.

ஐந்தாண்டு கழித்து இதே மாணவி சிற்றூர் மருத்துவமனையில் அமர்வாள். எதிரே ஒருவர், "நெஞ்சு கரிக்குதும்மா" என்பார். அடுத்தவர், "நெஞ்சை அடைக்குது" என்பார். முன்னது பெரும்பாலும் இரைப்பை அமிலம் மேலெழுவதால் வருவது. பின்னது இதயத்தின் தசைக்குக் குருதி போதாமையால் வருவதாக இருக்கலாம். ஒரு வினைச்சொல்லில் ஓர் உயிர் தொங்குகிறது. "தலை சுத்துது" என்பவருக்கு உட்செவியில் கோளாறு இருக்கலாம். "கண்ணை இருட்டிக்கிட்டு வருது" என்பவருக்கு எழுந்து நின்றவுடன் இரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிய ஆங்கில நூல்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. சிற்றூர்ப் பேச்சு அவற்றை முன்பே வேறு வேறாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. மூச்சு வாங்குதல், மூச்சு முட்டுதல், இழுப்பு. குடைச்சல், கடுப்பு, குத்தல், இசிவு, மரத்துப்போதல். ஒவ்வொன்றும் உடலின் வெவ்வேறு செய்தி. கரித்தலும் அடைத்தலும் 'வலி' என்னும் ஒரே சொல்லில் எழுதப்பட்டுக் குறிப்பேட்டில் ஏறும்போது, நோயாளி தெளிவாகச் சொன்னதை மருத்துவம் மங்கலாகக் கேட்டதாகிறது.

பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டத்திற்கு ஒரு வேலை உண்டு. மருத்துவர் செய்யாத வேலை. பல்கலைக்கழகத்தார் அறைக்குள் அமர்ந்து செய்ய இயலாத வேலை. கிரிவலப் பாதையை ஒட்டிய ஊர்களில் உடலைப் பற்றி வழங்கும் சொற்களைத் திரட்ட வேண்டும். கறிக்கடைக்காரர் எந்த உறுப்பை எப்பெயரால் அறுத்துத் தருகிறார், பேறுகாலம் பார்த்த மூதாட்டியர் வலியின் படிநிலைகளை எவ்வெச் சொல்லால் குறித்தனர், சுளுக்கு வழிப்பவர் எத்தசையை என்னவென்று அழைக்கிறார் என்று கேட்டெழுத வேண்டும். எழுதியதன் எதிரே அரசு மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவரை அமர்த்தி, இது எந்த உறுப்பு, இது என்ன நிகழ்ச்சி என்று குறிக்கச் செய்யலாம். அடுத்த முழுநிலவிலேயே தொடங்கலாம். கெண்டைக்கால் பிடித்து எவரேனும் திண்ணையில் அமர்வது உறுதி. கட்டைவிரலை வளைத்து இழுக்கும்போது தசைநாணிலுள்ள உணர்வுறுப்பு நரம்புவழிச் செய்தி அனுப்பித் தசையைத் தளர்த்துகிறது என்பதை மாணவர் சொல்வார். அப்பிடிப்புக்குத் தம் ஊரில் வேறு பெயர் என்ன என்பதை அந்த மூதாட்டி சொல்வார். குறிப்பேடும் எழுதுகோலும் கையில் இருந்தால் போதும்.